கயோட்டிக்கு ஒரு சின்னத் துப்பாக்கி

1

நான் துப்பாக்கி வாங்கிய செய்தி எனக்கு முன்னால் ஊருக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. மகள் எடுத்த படம் ஒன்று எப்படியோ உறவுக்காரர்களின் வாட்ஸப் குழுவுக்குள் நுழைந்திருக்கிறது. மறுநாளே முத்துப்பேட்டையிலிருந்து என் தம்பி கூப்பிட்டான்.

"என்னக்கா, அங்க எதும் கலவரமா?"

"இல்லடா. நரி வருது."

"நரிக்கா துப்பாக்கி? நம்ம ஊர்ல தகர டப்பாவத் தட்டுனாலே ஓடிடுமே!"

அவன் சிரித்தான். நானும் சிரித்துவைத்தேன். முதியோர் இல்லத்தில் பன்னிரண்டு மணி நேர வேலை முடித்து வந்து, பூட்ஸைக் கழற்றக்கூடத் தெம்பில்லாமல் வாசற்படியில் உட்கார்ந்திருந்தவளுக்கு அதற்கு மேல் விளக்க முடியவில்லை. அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில், அது நரி இல்லை. எங்கள் முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டில் நண்டு தின்ன வரும் நரியைவிடப் பெரியது, ஓநாயைவிடச் சிறியது. பெயர் கயோட்டி. தமிழில் இதற்கு என்ன பெயர் என்று யாராவது கேட்டால் நரி என்று சொல்லிவிடுவேன். ஊரில் ஒருவருக்கு அதிர்ஷ்டம் அடித்தால் நரி முகத்தில் முழித்தான் என்பார்கள். எனக்குக் கனடாவில் நர்ஸ் வேலை கிடைத்தபோது அம்மாவும் அதைத்தான் சொன்னாள். இங்கே மாதத்தில் பாதி நாள் நான் அதன் முகத்தில்தான் முழிக்கிறேன்.

2

ஆடுகள் என்னுடைய யோசனை இல்லை. என் கணவர் ராஜேந்திரனுடையது.

அவர் மன்னார்குடிப் பக்கம் பாமணியாற்றுப் பாசனத்தில் நெல் விளைவிக்கும் குடும்பத்தில் பிறந்தவர். என் வேலையை நம்பித்தான் இருவரும் இந்தச் சஸ்காச்சுவான் மாகாணத்துச் சிற்றூருக்கு வந்தோம். கடல் மாதிரி கோதுமை வயல், நடுவில் ஒரு ரயில் பாதை, ஒரு மருத்துவமனை, ஒரு முதியோர் இல்லம். அவருக்குத் தானியக் கிடங்கில் வேலை கிடைத்தது. மண்ணில் கால் படாமல் இருப்பது அவருக்குப் பெரிய வேதனை. ஊருக்கு வெளியே பத்து ஏக்கரோடு ஒரு பழைய வீடு விலைக்கு வந்தபோது என்னைக் கேட்கக்கூட இல்லை, அவர் முகத்தைப் பார்த்தே நான் சம்மதித்துவிட்டேன். ஆறு ஆடு வாங்கினார். அது இருபதானது.

பிறகு மாமனார் இறந்துபோனார். காரியத்துக்கு ஊருக்குப் போன இவர், சம்பா அறுத்துவிட்டு வருகிறேன் என்றார். சம்பா முடிந்ததும், உளுந்து எடுத்துவிட்டு வருகிறேன் என்றார். அப்புறம் மேட்டூரில் தண்ணீர் திறந்துவிட்டார்கள், குறுவை போட்டாச்சு என்றார். இப்படியே நான்கு வருஷம். சண்டை எதுவும் இல்லை. வாரம் இரண்டு முறை கூப்பிடுவார். ஆடு எப்படி இருக்கிறது என்பார். நானும் சொல்வேன். சினையாடு எது, எதற்குக் குளம்பு வெட்ட வேண்டும், எந்தக் கம்பி தளர்ந்திருக்கிறது. அவரிடம் எனக்குச் சொல்ல வேறு விஷயங்களும் இருந்தன. ஆட்டைப் பற்றிப் பேசி முடிப்பதற்குள் எனக்குத் தூக்கம் வந்துவிடும், அல்லது அவருக்கு மோட்டார் போடும் நேரம் வந்துவிடும்.

3

போன வருஷம் குட்டி போடும் காலத்தில் கயோட்டிகள் அதிகமாகிவிட்டன. மின்வேலி போட்டேன், கீழே தோண்டிக்கொண்டு வந்தன. காவலுக்கு ஒரு நாய் வாங்கினேன், அது அவற்றோடு சிநேகமாகிவிட்டது. ஒரு நாள் விடியற்காலையில் பட்டிக்குப் போனால், மூன்று நாள் குட்டிகள் இரண்டைக் காணோம். தாயாடு வேலி ஓரமாகப் போய்ப் போய்க் கத்திக்கொண்டிருந்தது.

அன்று வேலைக்குத் தாமதம். புதிதாகச் சேர்ந்திருந்த ஒரு பெண் ஏன் என்று கேட்டாள். ஆட்டுக்குட்டிக்கு ஆங்கிலத்தில் 'கிட்' என்பதுதானே சொல். "காலையில் கயோட்டி வந்து என் கிட்ஸ் இரண்டைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது" என்று சொல்லிவிட்டு மாத்திரைகளை எடுத்துவைக்கத் தொடங்கினேன். அவள் கையிலிருந்த தட்டு கீழே விழுந்தது. போலீஸைக் கூப்பிடப் போனவளைப் பிடித்து நிறுத்தி, பிள்ளைகள் இல்லையம்மா, ஆடு, ஆடு என்று விளக்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. இல்லத்துக் கிழவர்கள் ஒரு வாரம் சிரித்தார்கள். எனக்கு இருந்த சோர்வில் சிரிப்பு வரவில்லை.

அக்கம்பக்கத்தில் எல்லோரும் சொன்னது ஒன்றுதான்: துப்பாக்கி வாங்கு. இங்கே சொந்தக் கால்நடையைக் காக்கக் கயோட்டியைச் சுடலாம். ஆனால் அதற்கு உரிமம் வேண்டும், உரிமத்துக்குப் பாதுகாப்பு வகுப்பில் தேற வேண்டும். ஊர்ப் பொதுக்கூடத்தில் இரண்டு நாள் வகுப்பு. என்னோடு படித்தவர்களில் பாதிப் பேர் பள்ளிக்கூடப் பிள்ளைகள். அவர்களில் முக்கால்வாசிப் பேர் என்னைவிட உயரம். நான் நாலடி பத்து அங்குலம். பயிற்சித் துப்பாக்கியைத் தோளில் வைத்தால் கண் தொலைநோக்கிக் கண்ணாடிக்கு எட்டவில்லை, விரல் விசைக்கு எட்டவில்லை. பயிற்சியாளர் என் கையைப் பார்த்துவிட்டு, "உங்களுக்கு யூத் மாடல்தான் சரி" என்றார். அதாவது, பிள்ளைகளுக்கான அளவு. நாற்பத்தெட்டு வயதில்.

எழுத்துத் தேர்விலும் செய்முறையிலும் தேறிவிட்டேன். மிச்சம் இருந்தது விண்ணப்பப் படிவம்.

4

கனடாவுக்கு வந்த நாளிலிருந்து நான் நிரப்பிய படிவங்களை அடுக்கினால் எங்கள் வீட்டுப் பரண் நிறைந்துவிடும். இருந்தாலும் இந்தப் படிவத்தைப் போல எதுவும் என்னை உட்காரவைத்ததில்லை.

பெயர், முகவரி, புகைப்படம், என்னைத் தெரிந்த இரண்டு பேர். ஒருவராகப் பக்கத்துப் பண்ணைக் கேரலைப் போட்டேன். இன்னொருவராக, நகரத்தில் பல்கலைக்கழகத்தில் படிக்கும் என் மகள் யாழினியை. பத்தொன்பது வயதாகிவிட்டது, போடலாம். அதற்குக் கீழே ஒரு கேள்வி. கடந்த இரண்டு வருஷத்தில் உங்களுக்கு விவாகரத்தோ, பிரிவோ, முக்கியமான உறவில் முறிவோ ஏற்பட்டதா? ஆம், இல்லை என்று இரண்டு கட்டங்கள். அடுத்த பக்கத்தில் வாழ்க்கைத் துணையின் கையெழுத்து.

அந்தக் கேள்வி எதற்கென்று தெரியும். மனம் உடைந்தவர் கையில் துப்பாக்கி போகக் கூடாது. நியாயமான கேள்விதான். பேனாவை எடுத்தேன், வைத்தேன். ஆம் என்று போட என்னிடம் ஆதாரம் இல்லை. இல்லை என்று போடவும் இல்லை. நான்கு வருஷமாக யாரும் கேட்காத கேள்வி. சோறு வைத்துவிட்டு, குக்கர் விசில் அடிக்கும்வரை இரண்டு கட்டத்தையும் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு படிவத்தை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு, ஊருக்கு எடுத்துப்போகும் பெட்டியில் வைத்தேன். தை மாதம் மாமனார் திவசத்துக்குப் போக ஏற்கெனவே டிக்கெட் எடுத்திருந்தது. ஆட்டைக் கேரல் பார்த்துக்கொள்வதாகச் சொன்னாள்.

5

திருச்சியில் இறங்கி, தஞ்சாவூர் தாண்டி, நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் அரை மணி நேரம் நின்று, ஊருக்குப் போய்ச் சேர்ந்தபோது வெயில் ஏறிவிட்டது. அவர் வீட்டில் இல்லை, வயலில் இருக்கிறார் என்றார்கள். குளிக்காமல்கூட அப்படியே நடந்தேன்.

பாதி வயல் அறுத்திருந்தது. மீதிப் பாதியில் கதிர் சாய்ந்து நின்றது. அதைச் சுற்றிக் கழிகள் நட்டு, சேலைகளைக் கட்டி விட்டிருந்தார்கள். காட்டுப்பன்றி வராமல் இருக்க டெல்டா முழுக்க இப்போது எல்லோரும் செய்வதுதான். காற்றில் சேலைகள் உப்பி உப்பி அடங்கின. கிட்டே போன பிறகுதான் பார்த்தேன். நர்ஸிங் படிப்பு முடித்தபோது அப்பா எடுத்துக்கொடுத்த கத்தரிப்பூச் சேலை. யாழினி பிறந்த பிறகு கட்டிய மஞ்சள். ஊருக்கு வந்தால் கட்டிக்கொள்ளலாம் என்று பீரோவில் மடித்துவைத்துவிட்டுப் போன என் சேலைகள், வரிசையாக.

அவர் வரப்பில் வந்து நின்றார். மெலிந்திருந்தார். கறுத்திருந்தார். நன்றாக இருந்தார்.

"வந்துட்டியா? வண்டி அனுப்பியிருப்பேனே."

"ஏங்க, அது என் சேலைதானே?"

"பன்னி வருது. சேலை கட்டுனா வராதுன்னாங்க."

"அது தெரியும். என் சேலையான்னுதான் கேட்டேன்."

அவர் தலைத்துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். "பீரோவுல சும்மாதான கெடந்துச்சு. நீ இனிமே கட்டமாட்டன்னு நெனச்சேன்."

திவசம் மறுநாள். பிண்டம் வைத்து, காக்கைக்குச் சோறு போட்டு, வந்தவர்களுக்கு இலை போட்டு எல்லாம் முடிந்து, உறவுக்காரர்கள் கிளம்பிய பிறகு படிவத்தை அவர் முன்னால் வைத்தேன். கண்ணாடி போட்டுக்கொண்டு முதல் பக்கத்திலிருந்து நிதானமாகப் படித்தார். எதையும் அப்படித்தான் படிப்பார். அந்தக் கேள்விக்கு வந்ததும் நிறுத்தினார்.

"பிரேக்டவுன்னு போட்டிருக்கான். மோட்டார்தான் பிரேக்டவுன் ஆவும்."

நான் சிரிக்கவில்லை.

"இல்லன்னு போட்டுடு மதி. எதுக்கு வம்பு."

"பொய் சொன்னா குத்தம்னு கீழ எழுதியிருக்கு."

"இதுல பொய் என்ன இருக்கு?"

"அதத்தான் நான் உங்களக் கேக்குறேன். பொய்யா, இல்லையா?"

அவர் வாசல் பக்கம் பார்த்தார். தெருவில் அறுவடை இயந்திரம் ஒன்று வைக்கோல் தூசியோடு போய்க்கொண்டிருந்தது.

"ஆட்ட வித்துடேன். எதுக்கு நீ கெடந்து அல்லாடுற?"

"வித்துட்டா, நீங்க வந்து அங்க என்ன செய்வீங்க?"

சொன்ன பிறகுதான் எனக்கே தெரிந்தது. மைனஸ் முப்பது குளிரில் தண்ணீர்த் தொட்டியின் பனிக்கட்டியைக் கோடாரியால் உடைத்துக்கொண்டு, நான்கு வருஷமாக எதற்கு அந்த ஆடுகளை வைத்திருந்தேன் என்று. அவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். கண்ணாடியைக் கழற்றினார்.

"நான் வரல, மதி." குரல் இறங்கிவிட்டது. "அந்தக் குளிருல என்னால முடியல. சொல்லணும் சொல்லணும்னு ஒவ்வொரு தடவ போன் பண்றப்பவும் நெனப்பேன். ஒன்னய இங்க வந்துடுன்னு கூப்புடவும் வாய் வரல. ஒன் வேல அங்க, புள்ள அங்க. எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுக் கூப்புடுறது?"

"சேலையக் கட்டுறதுக்கு முன்னாடி சொல்லியிருக்கலாம்."

"சொல்லியிருக்கணும்" என்றார். "தப்புதான்."

அவர் கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். பேனாவை வாங்கி, கையெழுத்துப் போடும் இடத்தைத் தேடிக் கண்டுபிடித்து, "தேதி எப்படிப் போடணும், மாசம் முதல்லயா?" என்று கேட்டார். வருஷம் முதலில் என்றேன். போட்டார். ஆம் என்ற கட்டத்தை நானே நிரப்பினேன். அதற்கப்புறம் இருவரும் மீந்துபோன வடையைத் தின்று தேநீர் குடித்தோம். கிளம்பும் நாளன்று, சேலைகளை அவிழ்த்து மடித்துத் தரட்டுமா என்று கேட்டார். அறுப்பு முடியட்டும், பன்றி வரும் என்றேன்.

6

சித்திரை கழிவதற்குள் ஒரு நாள் உரிம அலுவலகத்திலிருந்து ஓர் அதிகாரி கூப்பிட்டார். பெண். நல்ல குரல். ஆம் என்று நிரப்பியிருப்பதால் சில கேள்விகள் கேட்க வேண்டும் என்றார். நன்றாகத் தூங்குகிறீர்களா? வேலைக்குப் போகிறீர்களா? பேச ஆட்கள் இருக்கிறார்களா? உங்களுக்கோ பிறருக்கோ தீங்கு செய்யும் எண்ணம் எப்போதாவது வந்ததா? எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். இதே கேள்விகளை நானும் முதியவர்களிடம் கேட்பவள்தான். அதுவரை தடங்கல் இல்லை.

"எப்போது பிரிந்தீர்கள்?"

விமான நிலையத்தில் அவரை அனுப்பிவைத்த நாளா? குறுவை போட்டாச்சு என்று சொன்ன நாளா? சேலைகளைக் கழியில் கட்டிய நாளா? அதிகாரி பொறுமையாகக் காத்திருந்தார். கடைசியில் "ஜனவரியில்" என்றேன். "சமீபத்தில்தான். வருந்துகிறேன்" என்றார். நான்கு வருஷத்தில் அதற்காக என்னிடம் வருந்தியவர் அவர் ஒருவர்தான். முன்பின் தெரியாத அரசாங்க அதிகாரி. போனை வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் அழுதேன். பிறகு ஆட்டுக்குத் தீவனம் போடப் போனேன்.

அந்தச் சனிக்கிழமை யாழினி மூன்று மணி நேரம் கார் ஓட்டி வந்தாள். சொல்லாமல் வருகிறவள் இல்லை. மாதம் ஒரு முறை பேசுவதே பெரிது. இறைச்சி சாப்பிடுவதை விட்டுவிட்டாள், ஆட்டை வளர்ப்பதே பாவம் என்பாள், துப்பாக்கி என்றதும் ஒரு மாதம் பேசவில்லை. சிநேகிதர்களுக்கு அவள் பெயர் லினி. என்னோடு பேசும் தமிழ் ஏதோ பாடப் புத்தகத்திலிருந்து வருவது மாதிரி இருக்கும். கதவைத் திறந்ததும் கோட்டைக்கூடக் கழற்றவில்லை.

"அந்த ஆபீஸர் எனக்குக் கால் பண்ணினாங்க. பிரிவுக்கு அப்புறம் உங்க அம்மா எப்படி இருக்காங்கன்னு கேட்டாங்க."

அவள் பின்னால் கதவைச் சாத்தினேன்.

"நீ ஆபீஸர்கிட்ட சொன்னாய். என்கிட்ட சொல்லலை."

"எப்படிடா கண்ணு சொல்றது? எனக்கே இப்பத்தான்..."

"எனக்குத் தெரியும் அம்மா. எனக்கு ரெண்டு வருஷமாத் தெரியும்!" கத்தினாள். "அப்பா திரும்பி வரப்போறது இல்லைன்னு எனக்குத் தெரியும். உனக்குத் தெரியலைன்னு நான் பயந்தேன். அதான் நான் வீட்டுக்கு வரலை. வந்தா நீ அப்பா ரூமைக் கூட்டிக்கிட்டு இருப்பாய்."

பிள்ளை விலகிப் போகிறாள், மொழியை விடுகிறாள், நம்மை மறக்கிறாள் என்று எத்தனை பேரிடம் புலம்பியிருக்கிறேன். அவள் போனதற்கு இதுதான் காரணம் என்று ஒரு நாளும் நினைத்ததில்லை. சமையலறைத் தரையில் இருவரும் உட்கார்ந்துவிட்டோம். கொஞ்ச நேரம் கழித்து, "நீ என்ன சொன்ன அந்த அம்மாகிட்ட?" என்று கேட்டேன்.

"நல்லா இருக்காங்கன்னு சொன்னேன். ரொம்ப ஸ்ட்ராங்குன்னு." மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "அது பொய்யா?"

"தெரியல" என்றேன்.

7

உரிம அட்டை வந்ததும், கடைக்கு அவளும் வருவதாகச் சொன்னாள். துப்பாக்கி பிடிக்காது, தனியாக நான் போவதும் பிடிக்காது.

கடைக்காரர் யாழினியைப் பார்த்துப் பேசத் தொடங்கினார். ஐந்தரை அடி இருக்கிறாள் அல்லவா. "எனக்குத்தான்" என்று கையைத் தூக்கிக் காட்ட வேண்டியிருந்தது. கயோட்டிக்கு என்றதும் பெரிய பெரிய துப்பாக்கிகளை எடுத்துப் பரப்பினார். தூக்கினால் குழாய்முனை தரையைப் பார்த்தது. ஆட்டுக்குட்டியைக் கையில் பிடித்துக்கொண்டு, தோளில் இதையும் மாட்டிக்கொண்டு சேற்றில் நடக்க வேண்டியவள் நான் என்று சொன்னேன். அப்புறம்தான் சின்னதுகளை எடுத்தார்.

இங்கே கொஞ்சம் விவரம் சொல்கிறேன், தம்பி இதைத்தான் கேட்பான். அளவு பார்க்க ஓர் எளிய வழி இருக்கிறது. முழங்கையை மடக்கி, அந்த மடிப்பில் பின்கட்டையை வைத்தால், விரல் நுனி தானாக விசைக்கு வர வேண்டும். கோட்டுப் போட்டுக்கொண்டு பார்க்க வேண்டும், ஏனென்றால் இங்கே எட்டு மாதம் கோட்டோடுதான் வாழ்க்கை. ட்வென்டி-டூ என்பது மிகச் சின்னக் குண்டு, முயலுக்குச் சரி. கயோட்டி அதில் சாகாமல் காயத்தோடு போய் எங்கேயாவது கிடந்து துடிக்கும். மான் துப்பாக்கி என் தோளைப் பெயர்த்துவிடும். நடுவில் டூ-ட்வென்டி-த்ரீ. தோளில் அடி குறைவு, குண்டு நேராகப் போகும். ஒவ்வொரு குண்டுக்கும் கையால் போல்ட்டை இழுத்துத் தள்ளும் வகையைக் கேட்டேன். அவசரப்பட முடியாது, அதுதான் எனக்கு வேண்டும். குழாய் குட்டை. குட்டையானால் சத்தம் கூடும், காதுக்கு மூடி கட்டாயம் என்று கடைக்காரர் சொன்னார். தொலைநோக்கியோடு சேர்த்து மூன்றரைக் கிலோ. சாம்பல் நிறப் பிளாஸ்டிக் கட்டை. சுவரில் மாட்டியிருந்த அட்டையில் ஒரு சிறுவன் அதே துப்பாக்கியோடு சிரித்துக்கொண்டிருந்தான்.

யாழினி என் பின்னால் வந்து நின்றாள். என் தோளைக் கீழே அழுத்தினாள், முழங்கையை உள்ளே தள்ளினாள், குனிந்து என் கண்ணும் கண்ணாடியும் ஒரே கோட்டில் இருக்கிறதா என்று பார்த்தாள்.

"இது உனக்குச் சரியா இருக்கு அம்மா" என்றாள். "இது வாங்கு."

அப்போதுதான் படம் எடுத்தாள்.

8

நேற்று விடியற்காலை அது வந்தது. இங்கே இந்த மாதத்தில் நாலரைக்கே வெளிச்சம். பட்டி மேட்டில் பழைய மர நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். வேலிக்கு அந்தப் பக்கம் புல் அசைந்தது, பிறகு காது, பிறகு முகம். நிதானமாக நடந்து வந்து வேலியடியில் தோண்டத் தொடங்கியது. குட்டிகள் பத்தடி தூரத்தில் ஒன்றின்மேல் ஒன்றாகப் படுத்திருந்தன. மூச்சைப் பாதி விட்டு நிறுத்திச் சுட்டேன். ஒரே குண்டு. அது இருந்த இடத்திலேயே விழுந்தது. ஆடுகள் எல்லாம் எழுந்து ஒரு மூலைக்கு ஓடின. கை நடுங்கவில்லை. அது எனக்கே பிடிக்கவில்லை.

போன் அடித்தது. அவர்தான். அங்கே மாலை. நாங்கள் இப்போதும் பேசிக்கொள்கிறோம், முன்னைவிடக் குறைவாக, முன்னைவிட எளிதாக.

"வாய்க்கால்ல தண்ணி வந்துட்டு மதி" என்றார். "இந்த வருஷம் சீக்கிரமே வந்துட்டு. நாத்தங்காலு அடிச்சிக்கிட்டு இருக்கு. நீ என்ன பண்ற?"

"இப்பத்தான் ஒண்ணச் சுட்டேன்."

அந்தப் பக்கம் டிராக்டர் சத்தம் கேட்டது.

"விழுந்துட்டா?"

"விழுந்துட்டு."

"கடுவனா, பொட்டையா?"

"பாக்கல."

"போய்ப் பாரு. பொட்டையா இருந்தா குட்டி எங்கயாச்சும் வளையில கெடக்கும். இது குட்டிக்கு இரை தேடுற மாசம்ல."

போனைக் காதில் வைத்தபடியே இறங்கி, வேலியைத் தாண்டிப் போனேன். அது பக்கவாட்டில் கிடந்தது. நினைத்ததைவிடச் சிறியது. விலா எலும்பு தெரிந்தது. குனிந்து பார்த்தேன். அடிவயிற்றில் முடி உதிர்ந்து, காம்புகள் நீண்டு சிவந்திருந்தன. ஒன்றின் நுனியில் பால் ஈரம்.

"என்னம்மா, பாத்தியா?"

"கடுவன்தாங்க" என்றேன்.

"அப்ப சரி" என்று மூச்சு விட்டார். பிறகு எந்த மடையைத் திறந்தார், எந்தப் பக்கம் மேடு, தண்ணீர் எங்கே ஏறவில்லை என்றெல்லாம் சொல்லிக்கொண்டே போனார். அதன் பக்கத்தில் புல்லில் உட்கார்ந்து, அவர் முடிக்கும்வரை கேட்டுக்கொண்டிருந்தேன்.